பத்தொன்பது ஜோடி செருப்பு

1959 ஜூன் 3, புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் கமர்ஷியல் தெரு. நல்ல தூறல். ஒரு மைசூர் சில்க், ஒரு எவர்சில்வர் அடுக்கு, ஒரு பீங்கான் நாய், மூன்றையும் கண்ணாடிக்கு வெளியே நின்று ஆசை தீரப் பார்த்தேன். வாங்கியது ஒன்றுமில்லை.

ஜவுளிக்கடை சேட்டு என்னைக் கண்டதும் கன்னடத்தில் ஆரம்பித்துவிட்டார். "நோடி டீச்சரம்மா, நோடக்கே துட்டில்லா." பார்ப்பதற்குத் துட்டு வாங்கியிருந்தால் இத்தனை வருஷத்தில் அவர் என்னை வைத்தே ஒரு மாடி கட்டியிருப்பார்.

என் கட்சி இதுதான். கண்ணாடிக்குள் இருக்கும்வரைதான் எதுவும் புதுசு. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பழசாக ஆரம்பித்துவிடும் (இவரே சாட்சி). வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் குடையைப் பத்து தடவை விரித்து மடக்குவேன், நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டிப் பார்ப்பேன், புளியைக் கடித்துப் பார்ப்பேன். கல்யாணம் ஒன்றைத்தான் பார்க்காமல் செய்துகொண்டேன். பதினேழு வயது. தாலி ஏறின பிறகுதான் தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்தேன். நல்லவேளை, தேறியது. தேறாமல் போயிருந்தால்?

ஜூன் 7, ஞாயிறு

தரகர் கோவிந்தப்பா எங்கள் பெண் பாமாவுக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் பெயர் முனிகிருஷ்ணன். இருபத்தேழு வயது, அம்மா மட்டும்தான், சிவாஜிநகர் பக்கம் சொந்த வீடு. கமர்ஷியல் தெருவில் ஒரு பெரிய செருப்புக் கடைக்கு மானேஜர். கம்பெனி உத்தியோகம். (கடைப் பெயரை எழுதமாட்டேன். இந்த டைரி உளுந்து டின்னுக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் உளுந்து தீரும் நாள் ஒன்று வருமே.)

நாத்தனார் அலர்மேல்மங்கை அண்ணியும் இருந்தாள். அவளைக் கேட்காமல் எங்கள் வீட்டில் பல்லிகூடச் சொல்லாது. "செருப்புக் கடையா? நாம காலைக் கழுவிக் கும்பிட வேண்டிய மாப்பிள்ளை, ஊரார் காலைப் புடிச்சிக்கினு இருக்கானா? ஏண்டா பெருமாளு, உன் பொண்ணுக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

இவர் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். விமானத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக ஃபைல் பார்ப்பவர். எதையும் மடித்துத்தான் வைப்பார்.

பாமா சமையலறை வாசலிலிருந்து சொன்னாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அப்பா, மூணு தடவை உக்காந்தாச்சு. மூணு தடவையும் பஜ்ஜி சாப்பிட்டுட்டு, லெட்டர் போடறோம்னு போனாங்க. தலை குனிஞ்சு உக்காந்ததுல எனக்கு அவங்க பாதந்தான் தெரியும், மூஞ்சி தெரியாது. இதுதான் கடைசி. இதுவும் லெட்டர் போடறோம்னு போச்சுன்னா இனிமே நான் உக்கார மாட்டேன்."

என் பெண் சொன்னால் சொன்னதுதான். சர்க்கார் ஆபீசில் டைப் அடிக்கிறவள். அடித்ததை அழிக்கிற பழக்கம் கிடையாது.

ஃபோட்டோ மார்பு வரைக்கும்தான். பின்னால் திரையில் வரைந்த ஒரு ஏரி, இரண்டு அன்னம். பையன் சாதுவா, சிடுமூஞ்சியா? அன்னத்தைப் பார்த்து நான் என்னத்தைக் கண்டுபிடிக்க!

28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். ஆடிக்கு முன்னால் பேசிவிட வேண்டுமாம்.

ஜூன் 9, செவ்வாய்

வகுப்பில் ஆறாம் வேற்றுமை நடத்திக்கொண்டிருந்தேன். "இதுதான் கடைசி" என்பதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. குடையைப் பத்து தடவை விரித்துப் பார்க்கிறவள், பெண்ணை மட்டும் அன்னத்தை நம்பிக் கொடுப்பேனா?

கடை எங்கே இருக்கிறது என்று தெரியும். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அதற்குப் பெயர்தானே கடை?

ஜூன் 10, புதன்

போனேன். கண்ணாடிக்கு வெளியே கால் மணி நேரம் நின்றேன். அடுக்கி வைத்த பூட்சுகளுக்கு நடுவே தெரிந்தது என் முகம்தான். அது ஒன்றும் பார்க்கும்படி இல்லை. திரும்பிவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

செய்துவிட்டேன்.

உள்ளே நுழைந்ததும் ஃபோட்டோ எழுந்து வந்தது! அன்னம் இல்லை, கோட்டு இல்லை, சட்டைக் கையை மடித்து விட்டிருந்தது. சுமார் உயரம். "வாங்கம்மா, உக்காருங்க. யாருக்குப் பாக்கணும்?"

எனக்குத்தான் என்றேன். சாய்ந்த பலகை வைத்த ஒரு குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, என் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தான். பித்தவெடிப்புக் கால்! சுண்ணாம்பு பெயர்ந்த சுவர் மாதிரி இருக்கும். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். "இருக்கட்டும்மா, கால்னா வெடிப்பு இருக்கத்தான் செய்யும்" என்று குதிகாலைப் பிடித்து அளவு எடுத்தான்.

கோபம் வருகிறதா என்று பார்க்கத்தானே வந்தேன்? வேலையைக் காட்டினேன். இது இறுக்கம், அது தொளதொள. கறுப்பு வேண்டாம், பழுப்பு. பழுப்பு வேண்டாம், அந்த முதல் கறுப்பு. முதல் கறுப்பு இது இல்லை. கூடை நாற்காலியில் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழுந்தே போய்விட்டாள். நடந்து பார்த்தேன், படியேறிப் பார்த்தேன், ஒரு தடவை குதித்துக்கூடப் பார்த்தேன். பத்தொன்பது பெட்டி. எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். பத்தொன்பதாவதுக்கும் அதே முகம். இடையில் நாக்கைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"பாத்துக்கினு இருக்காங்கம்மா."

"பொண்ணு எப்படி இருக்கணும்?"

"பொண்ணுக்கு என்னைப் புடிக்கணுமேம்மா. அதை யாரும் கேக்கறதில்ல." நிமிராமலே சொன்னான், வாரை மாட்டிக்கொண்டே.

கடைசியில் எதுவும் சரியில்லை என்றேன். மூஞ்சி சுளிக்கும் என்று காத்திருந்தேன். "தப்பு உங்களுது இல்லம்மா, பொழுதோடது. நாளெல்லாம் நின்னா கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கும். இப்பத்தான் மணி பன்னண்டு. எப்பவுமே சாயங்காலம் வந்து போட்டுப் பாருங்க. காலையில அளவு எடுத்த செருப்பு சாயங்காலம் கடிக்கும்" என்றான். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனவளுக்கு இது தேவைதான்.

எழுந்தால், என் பழைய செருப்பைக் காணோம். உள்ளே தையல்காரரிடம் கொடுத்திருக்கிறான். அறுந்து தொங்கிய இடது வாரைச் சிவப்பு நூல் போட்டுத் தைத்து வந்தது. "கறுப்பு நூல் தீந்துடுச்சும்மா, கோவிச்சிக்காதீங்க." காசு வாங்க மறுத்துவிட்டான்.

அதோடு வந்திருக்கலாம். "உங்க அளவு திங்கக்கிழமை வருது. வீட்டுக்கு அனுப்பறேன், நடந்து பாத்துட்டுப் புடிச்சா வெச்சிக்குங்க, இல்லன்னா திருப்பிக் குடுத்துடுங்க. பேரு, விலாசம்?"

என் பெயரைச் சொன்னால் வீடு தெரிந்துவிடும். வாயில் வந்தது — "மிஸஸ் ஹெர்பர்ட், ரிச்சர்ட்ஸ் டவுன்."

எங்கள் தலைமையாசிரியையின் பெயர்! நெற்றியில் நாலணா அகலம் குங்குமம், கழுத்தில் தாலிச்சரடு, மூக்கில் எட்டுக்கல் பேசரி. மிஸஸ் ஹெர்பர்ட்டாம். அவன் நெற்றியைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான். "சரிங்க மேடம்" என்று எழுதிக்கொண்டான்.

ஜூன் 13, சனி

தங்கமான பையன். அதுதான் பயமாக இருக்கிறது. சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் நிம்மதியாக வேண்டாம் என்றிருப்பேன். இப்போது 28-ஆம் தேதி அவன் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, காப்பித் தட்டோடு வரும் மிஸஸ் ஹெர்பர்ட்டைப் பார்ப்பான். அப்புறம்? "பொய் சொல்ற குடும்பம்" என்று எழுந்துபோனால்? நான் ஆடின ஆட்டத்துக்குப் பாமாவின் கடைசித் தடவையா பலி?

ஜூன் 16, செவ்வாய்

மிஸ் ஹெர்பர்ட் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார், கையில் அட்டைப் பெட்டி. அறுபது வயதுக் கன்னி. "யாரோ என் பேர்ல செருப்பு சொல்லியிருக்காங்க. கொண்டுவந்த ஆள் சொல்றான், மூக்குத்தி போட்ட அம்மாவாம், ரொம்பப் பேசுவாங்களாம். கடையில குதிச்சாங்களாம்." என்னையே பார்த்தார். "யாரா இருக்கும், ஜகதாம்பாள்?"

"காலம் கெட்டுக்கிடக்கு மிஸ்" என்றேன்.

ஜூன் 18, வியாழன்

மிஸ் ஹெர்பர்ட் அந்தச் செருப்பையே வைத்துக்கொண்டுவிட்டார். ஒரே அளவாம். பிரேயரில் அது என் முன்னால் கீச் கீச்சென்று போனது. ஒவ்வொரு கீச்சும் என் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது.

ஜூன் 22, திங்கள்

யோசித்தவை: அன்றைக்கு மஞ்சள் காமாலை. அல்லது கிருஷ்ணகிரியில் தங்கைக்குப் பிரசவம் (அவளுக்கு நாற்பத்தொரு வயது). தேதியைத் தள்ளிப்போடலாமா என்று பாமாவிடம் பட்டும் படாமலும் கேட்டேன். "அவங்க வேண்டாம்னு சொல்றதுக்கு முந்தி நீயே சொல்லிடறியாம்மா?" என்றாள்.

சரி, மாறுவேஷம். மூக்குத்தியைக் கழற்றிவிடுவது. கொண்டைக்குப் பதில் பின்னல். இவருடைய பழைய கண்ணாடி. முக்கியமாக, வாயைத் திறக்காமல் இருப்பது. கடைசியைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள், டாக்டருக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

ஜூன் 27, சனி

பேசரி இல்லாமல் மூக்கு யாரோ ஒருத்தியுடையது மாதிரி இருக்கிறது.

ஜூன் 28, ஞாயிறு

வந்தார்கள். பையன், அவன் அம்மா, கோவிந்தப்பா. நான் சமையலறைக் கதவிடுக்கில் ஒரு கண்.

மற்றவர்கள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அவன் வரவில்லை. வாசலில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

எனக்கு உயிர் போய்விட்டது. வாசலில் என் செருப்பு. இடது வார். சிவப்பு நூல்.

அட மக்கு! மூக்கை மறைத்தேன், கொண்டையை மறைத்தேன். செருப்புக் கடைக்காரன் எதைப் பார்ப்பான் என்று யோசித்தேனா?

காப்பி கொண்டுபோனேன். கண்ணாடி இவருடையது, தரை எங்கோ இருந்தது. டம்ளரை வாங்கினான். "நல்லா இருக்கீங்களா அம்மா? கால் எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டான். "கால்ல என்ன?" என்றாள் அண்ணி. "வயசாயிடுச்சில்ல" என்றேன் நான்.

பாமா வந்து உட்கார்ந்தாள், குனிந்த தலையோடு. அவன் அம்மா இரண்டு கேள்வி கேட்டாள். பஜ்ஜி ஆயிற்று, கேசரி ஆயிற்று. இவர் அந்தப் பாழாய்ப்போன வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அப்போ... எப்போ லெட்டர் போடறீங்க?"

அவன் எழுந்து நின்றான். "எனக்குச் சம்மதங்க. ஆனா நான் இவங்களைப் பாத்தேன், இவங்க என்னை எங்க பாத்தாங்க? சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்து பாத்துட்டுச் சொல்லட்டும். லெட்டர் நீங்க போடுங்க." வாசலில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "துணைக்கு மிஸஸ் ஹெர்பர்ட்டையும் கூட்டிக்கினு வரச் சொல்லுங்க."

போய்விட்டான். இவர் பேப்பரை எடுக்கவே இல்லை. "யாரு ஜகதா அது, மிஸஸ் ஹெர்பர்ட்?"

சொன்னேன். எல்லாவற்றையும். அண்ணி தலையில் கை வைத்தாள். இவருக்குச் சிரிப்பதா அடிப்பதா தெரியவில்லை, தண்ணீர் குடித்தார். பாமா மட்டும் கடைசி வரைக்கும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு —

"பத்தொன்பது பெட்டியா?"

"ஆமாம்மா, நீ நல்லா இருக்கணும்னுதான்..."

"உனக்கு ஒண்ணரை மணி நேரம் பாக்கணும்னு தோணிச்சு. என்னையும் கூட்டிக்கினு போகணும்னு தோணலை இல்ல? கட்டிக்கப் போறவ நான்மா."

உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 30, செவ்வாய்

பாமா பேசவில்லை. சாப்பிடுகிறாள், ஆபீஸ் போகிறாள், வருகிறாள். நான் ஜோக் அடித்தால் சுவரைப் பார்க்கிறாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னைக் கேட்காமல் செய்தார்கள் என்று இந்த நோட்டில் எத்தனை பக்கம் அழுதிருக்கிறேன். அதையேதானே நானும் செய்தேன்? என்ன, கொஞ்சம் காமெடியாகச் செய்தேன்.

சனிக்கிழமை போவாளா, மாட்டாளா? கேட்கப் பயம்.

ஜூலை 4, சனி

ஐந்து மணிக்குப் பாமா புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "வா. ஆனா நீ வெளிய நிக்கணும்."

நின்றேன். கண்ணாடிக்கு வெளியே, சாரலில். உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள், நன்றாகத் தெரிந்தது. அவள் உட்கார்ந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு பெட்டி வந்தது. அவள் தலை குனியவில்லை; நேரே பார்த்து எதையோ கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். இன்னும் சொறிந்தான். ஐயோ, சொல்லேன்டா! அப்புறம் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாளா, உதட்டைக் கடித்தாளா? பாழும் தூறல், கண்ணாடியில் கோடு கோடாக வழிந்தது. முந்தானையால் துடைத்தேன். வெளிப்பக்கம் துடைத்தால் வெளிப்பக்கம்தானே காயும்? பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கண்ணாடி பார்த்தவள். அது இவ்வளவு கனம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அரை மணி கழித்து வெளியே வந்தாள். வெறும் கை.

"ஒண்ணும் வாங்கலையா?"

"உன் பொண்ணுதானே."

ஆறு நாளுக்குப் பிறகு முதல் கேலி. ஆனால் அவ்வளவுதான். பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அல்சூர் வரைக்கும் கடைப் பலகை ஒவ்வொன்றாகப் படித்தேன். தெருமுனையில் தானாகவே ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவேன்னேன். உடனே சரின்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். யோசிச்சாரு. யோசிச்சு, 'ரெண்டு பேரும் சாயங்காலம் களைச்சு வருவோமே, சமையலுக்கு என்ன பண்றது? அம்மாவால முடியாது, எனக்கு ரசம்தான் வெக்கத் தெரியும்'னாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு அதுவும் தெரியாதுன்னேன்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அப்பாவை லெட்டர் போடச் சொல்லு."

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்தது. இனி ஒரு மாசம் எதுவும் பேசக்கூடாதாம். அதற்குள் யார் மனசு மாறுமோ? நாலு நாளாகக் கமர்ஷியல் தெரு பக்கமே போகவில்லை. போனால் உள்ளே எட்டிப் பார்ப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

பாமாவுக்கு சனிக்கிழமைதோறும் ஆபீசில் வேலை அதிகமாம். சாயங்காலம்தான் அதிகமாம். நான் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

காலை ஒன்பதரை முகூர்த்தம். முடிந்தது.

அதற்கு முன்னால் பாதபூஜை. தாம்பாளத்தில் மாப்பிள்ளையின் கால். நான் செம்பில் தண்ணீர் ஊற்ற, இவர் கழுவினார். விரல் விரலாக, மஞ்சள் வைத்து, குங்குமம் வைத்து. அண்ணிதான் துண்டு எடுத்துக் கொடுத்தாள். துடைக்க நான் குனிந்தேன். என் பித்தவெடிப்பைப் பிடித்த கை என் தலைக்கு மேலே இருந்தது. கண் நிறைந்துவிட்டது. யாருக்கும் கேட்காமல் மாப்பிள்ளை சொன்னார்:

"காலையில அளவு எடுக்காதீங்க அத்தை."

சாயங்காலம் பாமாவை அனுப்பிவிட்டு மண்டப வாசலுக்கு வந்தால், என் பழைய செருப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு புது ஜோடி, கறுப்பு. இடது வாரில் மட்டும் ஓரமாக ஒரு சிவப்புத் தையல்.

அப்படியே மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தெருமுனை தாண்டின பிறகுதான் போட்டுப் பார்க்கவே இல்லை என்று உறைத்தது.

இடது சுண்டுவிரலில் கொஞ்சம் கடிக்கிறது. யாரிடமும் சொல்லப்போவதில்லை.